மறு: ‘அகன்ற முகவரி’ வேண்டாம், ‘நெடுமுகவரி’ எனலாமா?

நண்பர்களே,

நினைவகத்தில் ஓரிடத்தைக் குறிக்கும் எண்ணே முகவரி. அது 32 பிட்டைத் தாண்டி 64 பிட்டாகும்போது மென்பொருள் அதைக் கையாள்வதற்குப் பட்டியலில் முன்மொழிந்த சொற்கள் இவை:

> அகன்ற முகவரி ஆதரவு, பரந்த முகவரி ஆதரவு

இரண்டுமே எனக்கு இடிக்கின்றன. அகலம் என்பது வன்பொருள்காரர் கண்ணுக்குத் தெரிவது. முகவரியைச் சுமக்கும் கம்பிகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. கம்பி கூடினால் பாட்டை (bus) அகலும். வழுநீக்கி (debugger, நிரலின் பிழை தேடும் மென்பொருள்) முன் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது எண்ணைத்தான். எண் நமக்கு நீளும், அகலாது. “என்னப்பா, நம்பர் இவ்வளவு நீளமா இருக்கு?” என்றுதான் ஐந்து ரோட்டு ரீசார்ஜ் கடைக்காரரும் கேட்பார். பதினறும எண்ணில் (hexadecimal, 16ஐ அடிமானமாகக் கொண்டது) எழுதினால் 32 பிட் முகவரிக்கு 8 இலக்கம், 64 பிட்டுக்கு 16. ஆகவே நெடுமுகவரி. குறில் நெடில் படித்த பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம்.

‘ஆதரவு’ தேர்தல் கூட்டணி போல ஒலிக்கிறது. மென்பொருள் நெடுமுகவரியை ஏற்கும், இல்லாவிட்டால் ஏற்காது. ‘நெடுமுகவரி ஏற்பு’ போதும்.

இதைவிட அவசரமாக வேண்டியது, நெடுமுகவரியின் முன்பகுதி உதிர்ந்துபோவதற்கு ஒரு சொல்; அது பட்டியலிலேயே இல்லை. நாம் மொழிபெயர்க்கும் ஓப்பன்ஓசிடி (OpenOCD) என்ற சில்லு வழுநீக்கி 2005 வாக்கில் ஒரு மாணவரின் ஆய்வேடாகத் தொடங்கியபோது அதன் முன்னால் இருந்தவை ஆர்ம்7, ஆர்ம்9 சில்லுகள். முகவரி என்றாலே 32 பிட். எட்டக்கூடிய எல்லை 4,29,49,67,296 பைட், அதாவது 4 ஜிபி. பின்னால் 64 பிட் சில்லுகள் வந்தபோது முகவரிக்கென்று தனி எண்வகை வைத்து, நிரல் முழுக்க அதைப் புகுத்த வேண்டியிருந்தது. ஓரிடத்தில் பழைய 32 பிட் மாறி (variable) ஒட்டிக்கொண்டிருந்தாலும் போச்சு. 4 ஜிபிக்கு அப்பால் முதல் முகவரியைக் கேட்டால், அதாவது பதினறுமத்தில் ஒன்றும் எட்டுச் சுழியமும், முன்னால் உள்ள ஒன்று உதிர்ந்து, சுழிய முகவரியில் இருப்பதை எடுத்துக் காட்டும். பிழைச்செய்தியும் வராது. சூரமங்கலத்தில் என் மேசையில் இரண்டு இரவு போனது இப்படித்தான்; நினைவகம் கெட்டுவிட்டது என்று போர்டையே மாற்றினேன்.

சேலத்து லேண்ட்லைன் 6 இலக்கத்திலிருந்து முன்னால் 2 சேர்ந்து 7 ஆனது நினைவிருக்கிறதா? செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவின் கடை பில் மென்பொருளில் ஆறே கட்டம். ஏழாவது இலக்கம் விழாது. அங்கே போனது வால். வழுநீக்கியில் போவது தலை. அதனால் ‘தலையிழப்பு’ என்கிறேன்.

---

தம்பி,

நெடுமுகவரி சரி. தலையிழப்பு என்றால் போர்க்களம் நினைவுக்கு வருகிறது. ‘முன்னிலக்க இழப்பு’ எனலாமே? இங்கே ஏற்காட்டில் ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். 12 என்ற பலகையில் முன்னிலக்கம் அழிந்தால் 2ஆம் வளைவு என்று நினைப்போம், வண்டி நிற்பதோ பாதி மலையில். உங்கள் வழுவும் அதுதானே?

---

ஐயா,

அதேதான், என் கடைக் கதையைவிட நன்றாகப் பொருந்துகிறது. ஆவணத்தில் முன்னிலக்க இழப்பு என்றே வைத்துக்கொள்வோம். எச்சரிக்கை வரியில் மட்டும் தலைக்கு இடம் கொடுங்கள், இரவு இரண்டு மணிக்குக் கண்ணில் படவேண்டும்:

“நெடுமுகவரி தலையிழந்தது: வந்தது 64 பிட், ஏற்றது 32 பிட்.”

மறுப்பில்லை என்றால் இன்றே மொழிபெயர்ப்புக் கோப்பில் சேர்க்கிறேன்.