புதுப்பிப்பு: ஸ்லோ குக்கரும் சிவப்புப் போஞ்சி விதையும்

போன மாதம் ஸ்லோ குக்கரில் (மெல்லிய சூட்டில் நெடுநேரம் வேகவைக்கும் மின்சட்டி) எட்டு மணிநேரம் வெந்த சிவப்புப் போஞ்சி விதை (ராஜ்மா) கறியை உண்டு வீடே வாந்தியெடுத்த கதையை எழுதி, காரணம் கேட்டிருந்தேன். குக்கரைத் திட்டியது என் தவறு. அந்த விதையில் லெக்டின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. மெல்லிய சூட்டில் அது அழியாது. இப்போது இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரைமணிநேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே குக்கருக்குள் போடுகிறேன். “ஒடியல் மாவையும் (காய்ந்த பனங்கிழங்கு மா) கசப்புப் போக ஊறவைத்துத்தானே கூழ் காய்ச்சுகிறோம்” என்று அம்மம்மா சிரிக்கிறார்.

பச்சையாக உண்ண யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தை வல்லாரை இருக்கிறது: பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய், கடைசியில் தேசிக்காய்ப்புளி. நேற்று இரண்டையும் சோற்றோடு உண்டோம். ஒருவருக்கும் வயிறு புரட்டவில்லை.