ஐ.வி.ஐ.ஜி. ஏற்றிய மூன்றாம் நாள் கடும் தலைவலி: பயப்பட வேண்டுமா?

கேள்வி:
அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை நோயாளி. ஜி.பி.எஸ். (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய்) வந்து கால்கள் செயலிழந்ததால் ஐந்து நாள் ஐ.வி.ஐ.ஜி. (தானமாகப் பெற்ற இரத்தத்திலிருந்து எடுத்த ஆன்டிபாடிகள், அதாவது நோய் எதிர்ப்புப் புரதங்கள் அடங்கிய மருந்து) ஏற்றச் சொன்னார்கள். மூன்றாம் நாள் மருந்து முடிந்ததிலிருந்து தலை வெடிப்பதுபோல் வலி. விளக்கைப் போட்டாலே கண்ணை மூடிக்கொள்கிறார், கழுத்தைக் குனிய முடியவில்லை, வாந்தி வேறு. பாராசிட்டமால் கொடுத்துவிட்டு, “இந்த மருந்துக்கு இது சகஜம்” என்கிறார்கள். விலையைக் கேட்டாலே நெஞ்சடைக்கும் மருந்து. பாதியில் நிறுத்திவிடுவார்களோ என்று அம்மா புலம்புகிறார்.

பதில் 1 (ஓய்வுபெற்ற செவிலியர்):
தம்பி, வெறும் தலைவலி சகஜம்தான். வெளிச்சம் கூசி, கழுத்தும் விறைத்தால் அது வேறு. இந்த மருந்தால் கிருமி இல்லாமலே மூளையுறை அழற்சி வரலாம்; பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் தலைகாட்டும், தானாகவே அடங்கும். ஆனால் கிருமித் தொற்று இல்லை என்பதை மருத்துவர்தான் உறுதிசெய்ய வேண்டும். காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் இப்போதே கூப்பிடுங்கள். நிறுத்துவதா, மெதுவாக ஏற்றுவதா என்பதை அவர் முடிவுசெய்வார். சொட்டு வேகத்தில் நீங்கள் யாரும் கை வைக்காதீர்கள். “சீக்கிரம் முடியட்டுமே” என்று உருளையைத் திருகிவிடும் உறவினர்களிடம் எத்தனை முறை கத்தியிருக்கிறேன்!

பதில் 2:
எனக்கு சி.ஐ.டி.பி. (ஜி.பி.எஸ். போலவே நரம்புகளைத் தாக்கும், ஆனால் நீண்டகாலம் தொடரும் நோய்); இதே மருந்தைப் பல தவணை ஏற்றியாயிற்று. இரத்த வகை ஏ. ஒரு தவணை முடிந்த சில நாளில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது, மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. மருந்தில் இருக்கும் ஆன்டிபாடிகள் என் சிவப்பணுக்களை உடைத்திருந்தன. ஏ, பி, ஏபி வகையினருக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். அப்பாவின் வகையைப் பாருங்கள். படுத்தே இருப்பவர் என்பதால் இரத்த உறைவையும் கவனியுங்கள்: ஒரு கால் மட்டும் வீங்குவது, நெஞ்சு வலி, திடீர் மூச்சுத்திணறல். 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதற்காகவே மருந்துச் சீட்டில் கட்டம் போட்ட எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. சிறுநீர் குறைந்தாலும் சொல்லுங்கள், சிறுநீரகம் அடிவாங்கலாம்.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள்: மால்டோஸ் (ஒருவகைச் சர்க்கரை) கலந்த தயாரிப்பு என்றால் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து.

கேட்டவர்:
நன்றி அக்கா, நன்றி ஐயா. மருத்துவர் வந்து முதுகுத்தண்டு நீர் எடுத்தார். வெள்ளணுக்கள் கூடியிருக்கின்றன, இதுவரை கிருமி தென்படவில்லை, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் முடிவு வர வேண்டும். அடுத்த பாட்டிலை மெதுவாக ஏற்றலாம் என்கிறார். அப்பா பி வகை, ஹீமோகுளோபினும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்க இரத்தம் போயிருக்கிறது. பாட்டில் சீட்டில் மால்டோஸ் என்றே இருந்தது. இனி சர்க்கரையை ஆய்வகத்தில் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்கள்.