இதய சூத்திரத்தைச் சீன எழுத்தில் படிக்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாகக் கொரிய மொழி படிக்கிறேன். ஹங்குல் (கொரிய எழுத்து) சரளமாக வருகிறது. கொரியாவின் ஹேயின்சா கோயிலில் இருக்கும், பௌத்த நூல்களைச் செதுக்கிய 81,000-க்கும் மேற்பட்ட மர அச்சுப் பலகைகளைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. 13ஆம் நூற்றாண்டில், மங்கோலியப் படையெடுப்புக் காலத்தில் செதுக்கியவை. பலகையின் ஒரு பக்கத்துக்கு 23 வரி, வரிக்கு 14 எழுத்து. ஆனால் அத்தனையும் சீன எழுத்து, பழஞ்சீன நடை!

260 எழுத்தே உள்ள சிறிய பௌத்த நூலான இதய சூத்திரத்தில் ஆரம்பித்தேன். முதல் ஐந்து எழுத்திலேயே தடுமாற்றம். கொரியர்கள் 'குவான்ஜஜே போசல்' என்கிறார்கள், ஜப்பானியர்கள் 'கன்ஜிசாய் போசாட்சு'. இரண்டும் அவலோகிதேசுவரர் என்ற போதிசத்துவரின் பெயர்தான். எந்த உச்சரிப்பில் மனப்பாடம் செய்வது?

இன்னொன்று, ஜப்பானிய 'கன்புன்' முறை. சீனத்தில் 'படி நூல்' என்று வருவதை, எழுத்துக்குப் பக்கத்தில் சின்னக் குறி போட்டு 'நூலைப் படி' என்று மாற்றி வாசிக்கிறார்கள். வினை கடைசியில் வருவதால் தமிழ் பேசும் நமக்கு இதுதான் சுலபம் என்று தோன்றுகிறது. ஆனால் அதற்கு முதலில் பழைய ஜப்பானிய இலக்கணம் வேண்டுமே?

கன்புன் வழியா, கொரிய ஹஞ்சா (சீன எழுத்தைக் கொரிய உச்சரிப்பில் படிப்பது) வழியா, நேராகப் பழஞ்சீனமா? இந்தப் பாதையில் போனவர்கள், எதில் தொடங்கினீர்கள், எவ்வளவு காலம் பிடித்தது என்று சொல்லுங்கள். வாரம் ஒரு மணி நேரம் சேர்ந்து வாசிக்க யாராவது வந்தால் ரொம்பச் சந்தோஷப்படுவேன்.