இரண்டு 3090 கிராபிக்ஸ் கார்டு போட்டும் வேகம் ஏறவில்லை, தானியங்கிப் பிரிப்பு இன்னும் மோசம்

ரேம்ப்_வாசல் (சுங்கை சிப்புட்)
செம்பனைக் குலைப் படங்களை ஐந்தாகப் பிரிக்கிற மாடல்: பழுத்தது, அரைப்பழம், காய், மிகப்பழுத்தது, வெறுங்குலை. விஜிஜி-16 (படம் அறியும் நியூரல் நெட்வொர்க்), 224க்கு 224 படம், பைடார்ச் நூலகம், எண் ஒவ்வொன்றும் 32 பிட். பி450 மதர்போர்டில் இரண்டு பழைய ஆர்டிஎக்ஸ் 3090. இரண்டையும் நேராக இணைக்கும் என்விலிங்க் பாலம் இல்லை.

ஒரு கார்டு, 64 படம்: சுற்றுக்கு 210 மில்லிசெகண்ட்
இரண்டு கார்டு, டிடிபி (ஒவ்வொரு கார்டிலும் முழு மாடல், படங்கள் மட்டும் பங்கு), கார்டுக்கு 64: 390
ஃபிளெக்ஸ்ஃப்ளோ (மாடலைக் கார்டுகளுக்குத் தானே பிரிக்கும் கருவி) தேடிக் கொடுத்த திட்டம், மொத்தம் 128: 405

அதன் சிமுலேட்டர் (திட்டத்தை முழுதாக ஓட்டாமலே நேரத்தைக் கணிக்கும் பகுதி) சொன்னதோ 228! தேடல் 30 சுற்றுதான் விட்டேன். வன்பொருளை அதற்கு விவரிக்கும் மெஷின் கோப்பில் கார்டுகளுக்கு இடையே நொடிக்கு 20 ஜிபி என்று இருக்கிறது, அதைத் தொடவில்லை. படங்களை எடுத்து ஊட்டும் டேட்டாலோடர் காரணமில்லை, ஜிபியுவிலேயே உருவாக்கிய வெற்று டென்சருக்கும் (எண் அடுக்கு) இதே எண்தான். எங்கே கோளாறு?

கிந்தா_கரை
அந்த 20-தான். சிமுலேட்டர் ஒவ்வொரு ஆபரேஷனையும் கார்டில் ஓட்டிப் பார்த்து நேரம் எடுக்கும், அதை நம்பலாம். கார்டுக்குக் கார்டு தரவு போகும் நேரத்தை அது ஓட்டிப் பார்ப்பதில்லை. டென்சரின் அளவைக் கோப்பில் இருக்கும் வேகத்தால் வகுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

பி450-ல் முதல் நீள ஸ்லாட்தான் சிபியுவோடு நேராகப் பேசும். இரண்டாவது பார்க்க அதே நீளம், ஆனால் பெரும்பாலும் சிப்செட் வழியாக வரும் பிசிஐஇ 2.0 இணைப்பு, நாலு லேன் (தரவுப் பாதை). ஏட்டுக்கணக்கிலேயே நொடிக்கு 2 ஜிபி. அதோடு பாலம் இல்லாத 3090 இரண்டும் ராம் வழியாகச் சுற்றித்தான் பேசும்.

கார்டுகளுக்கு இடையிலான வேகத்தை அளக்கும் என்சிசிஎல் டெஸ்ட்ஸில் ஆல்ரெட்யூஸ் (எல்லாக் கார்டின் எண்களையும் கூட்டி எல்லாவற்றுக்கும் கொடுப்பது) சோதனையை 8 எம்பியிலிருந்து 512 எம்பி வரை ஓட்டி, பஸ் வேகம் என்ற பத்தியின் கடைசி வரியைச் சொல்லுங்கள். கார்டின் நிலையைக் காட்டும் என்விடியா எஸ்எம்ஐயில் லிங்க் (பிசிஐஇ இணைப்பு) தலைமுறையைப் பார்ப்பதானால் பயிற்சி ஓடும்போது பாருங்கள். சும்மா இருக்கையில் கார்டு மின்சாரம் மிச்சம் பிடிக்க லிங்கைத் தலைமுறை 1-க்கு இறக்கிவிடும், அதைப் பார்த்துப் போர்டைத் திட்டாதீர்கள்.

ரேம்ப்_வாசல்
1.7 ஜிபி. இரண்டாம் கார்டு: தலைமுறை 2, நாலு லேன். சொன்னபடியே.

கிந்தா_கரை
அப்படியானால் உங்கள் மூன்று எண்ணும் கணக்கில் உட்காருகின்றன.

கடைசி லேயரை ஐந்து வகைக்கு மாற்றிய விஜிஜி-16-ல் சுமார் 13.4 கோடி எடைகள். 32 பிட்டில் 537 எம்பி கிரேடியன்ட் (எடைகளை எப்படித் திருத்துவது என்று சொல்லும் எண்கள்). இரண்டே கார்டு என்பதால் ஆல்ரெட்யூஸில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அதே அளவை அனுப்பும், வாங்கும். 537-ஐ 1.7 ஜிபியால் வகுத்தால் 316 மில்லிசெகண்ட். ஃபார்வர்ட் (படத்திலிருந்து விடைக்குப் போகும் கணக்கு) சுமார் 70 மில்லிசெகண்ட் முடிந்த பிறகுதான் அனுப்ப முதல் கிரேடியன்டே கிடைக்கும். கூட்டினால் 386. பேக்வர்ட் (விடையிலிருந்து திரும்பிவந்து கிரேடியன்ட் எடுக்கும்) கணக்கு முழுவதும் அந்த 316-க்குள் ஒளிந்துகொள்கிறது, கார்டுகள் மீதி நேரம் சும்மா நிற்கின்றன.

இனி ஃபிளெக்ஸ்ஃப்ளோ. திட்டக் கோப்பைத் திறந்து எந்த லேயர் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று போடுங்கள்.

ரேம்ப்_வாசல்
முதல் இரண்டு எஃப்சி லேயரும் (எல்லா உள்ளீட்டையும் எல்லா வெளியீட்டோடும் இணைப்பவை) எடைவாரியாக இரண்டாக. கான்வ் (கன்வல்யூஷன் லேயர்) எல்லாம் படவாரியாக, நாலாம் தொகுதியின் இரண்டாம் கான்வ் மட்டும் சேனல்வாரியாக.

கிந்தா_கரை
முதல் பாதி அருமையான முடிவு. முதல் எஃப்சி லேயரின் கிரேடியன்ட் மட்டுமே 411 எம்பி. அதை எடைவாரியாக வெட்டினால் 6.4 எம்பி ஆக்டிவேஷன் (லேயர்களுக்கு இடையே போகும் இடைவிடைகள்) போகும், பேக்வர்டில் இன்னொரு 6.4 வரும். கான்வை படவாரியாக, எஃப்சியை மாடல்வாரியாகப் பிரிக்கும் இந்த வழியை ஆய்வாளர் அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி 2014-லேயே கையால் எழுதிக் காட்டினார்.

கெடுத்தது அந்த ஒற்றை கான்வ். 9.4 எம்பி கிரேடியன்டை மிச்சப்படுத்தப் போய், உள்ளே 103 எம்பி, வெளியே 51 எம்பி ஆக்டிவேஷனை மாற்றிக்கொள்கிறது. பேக்வர்டில் மறுபடியும் அதே. மொத்தம் 308 எம்பி, உங்கள் லிங்கில் 180 மில்லிசெகண்ட். இது எதற்குள்ளும் ஒளியாது, அடுத்த லேயர் காத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் 20 ஜிபி என்று நம்பிய சிமுலேட்டருக்கு அது வெறும் 15 மில்லிசெகண்ட். தேடல் எம்சிஎம்சி முறை (திட்டத்தைத் தற்செயலாக மாற்றிப் பார்த்து நகர்வது), கொஞ்சம் மோசமான நகர்வையும் சில சமயம் ஏற்றுக்கொள்ளும். 15 கொஞ்சம்தானே! 30 சுற்றில் அதைத் திருத்திக்கொள்ள நேரமும் இல்லை.

கோப்பில் 1.7 போட்டு, சுற்றை ஆயிரத்துக்கு மேல் ஏற்றித் திரும்பத் தேடுங்கள். தேடல் நடப்பது சிமுலேட்டரில், அதனால் நேரம் அதிகம் பிடிக்காது.

லோரோங்_7
பாலம் வாங்கிப் போட்டால் தீராதா? 3090-க்கு என்விலிங்க் உண்டே, ஒரு திசைக்கு 56 ஜிபி.

கிந்தா_கரை
தீரும். ஆனால் இரண்டு கார்டும் ஒரே உயரமாக இருக்கவேண்டும், ஸ்லாட் இடைவெளி பாலத்தின் அளவோடு சரியாகப் பொருந்தவேண்டும். அளக்காமல் ரிங்கிட்டைக் கொட்டவேண்டாம். அதற்கு முன் டிடிபியில் அனுப்புமுன் கிரேடியன்டைச் சுருக்கும் 16 பிட் ஹூக்கைப் போட்டுப் பாருங்கள், ஒரே வரி. 537 பாதியாகும், சுற்று 230 பக்கம் வரும்.

தாப்பா_ரோடு
ஐந்து வகைக்கு எதற்கு 12 கோடி எடை எஃப்சி? மூன்று எஃப்சியையும் கழற்றுங்கள். கடைசி கான்வுக்குப் பின் குளோபல் ஆவரேஜ் பூலிங் (சேனலுக்கு ஒரு சராசரி எண்), பிறகு 512-லிருந்து 5-க்கு ஒரே லீனியர். 1.47 கோடி எடை, 59 எம்பி, 35 மில்லிசெகண்ட். முழுக்க பேக்வர்டுக்குள் ஒளியும், சாதா டிடிபியே போதும். புதிய லீனியருக்கு முதலில் கான்வை உறையவைத்துச் சில சுற்று பயிற்சி கொடுங்கள், இல்லையென்றால் அது ஆரம்பத்தில் தரும் கன்னாபின்னா கிரேடியன்ட் முன்பயிற்சி எடைகளைக் கெடுக்கும்.

ரேம்ப்_வாசல்
மூன்றையும் ஓட்டினேன்.

ஃபிளெக்ஸ்ஃப்ளோ, 1.7 ஜிபி, 2000 சுற்று: 226. சேனல் வெட்டு போய்விட்டது.
பழைய மாடல், டிடிபி, 16 பிட் ஹூக்: 234
எஃப்சி கழற்றிய மாடல், சாதா டிடிபி: 213

கடைசியைத்தான் வைத்துக்கொள்கிறேன், நொடிக்கு 600 படம். ஆனால் இரண்டு கார்டும் இப்போது முழுமூச்சாக ஓடுவதால் 850 வாட் பவர் சப்ளை இரண்டு முறை அணைந்துவிட்டது.

லோரோங்_7
3090 ஒன்றுக்கே 350 வாட், அதற்கு மேலும் நொடிப்பொழுது துள்ளும். என்விடியா எஸ்எம்ஐயில் கார்டுக்கு 280 என்று வரம்பு வையுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் அது அழிந்துவிடும், பூட் ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.