‘ஸ்பென்ட் ஃப்யூயல்’: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே, கூடங்குளம் அணு உலைகளில் பயன்படுத்தி வெளியே எடுக்கும் எரிபொருளான ‘ஸ்பென்ட் ஃப்யூயல்’ பற்றி ஊர்மக்களுக்கான எட்டுப் பக்கக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளியன்று அச்சு. ‘அணுக்கழிவு’ என்று எழுதியிருந்தேன். சரிபார்த்தவர் அடித்துவிட்டு ‘பயன்படுத்தப்பட்ட அணு எரிபொருள்’ என்று மாற்றிவிட்டார். ஒரே பத்தியில் ஆறு முறை அது வந்தால் வாய்விட்டுப் படிக்க முடியவில்லை. அதை நீரில்லாமல் உலர்வாகச் சேமிக்கும் ‘டிரை காஸ்க்’ கலத்துக்கும் சொல் தேவை.
(நாகர்கோவில்)

———

> அணுக்கழிவு

அடித்தது சரியே. உலையிலிருந்து எடுக்கும் எரிபொருள் கோல்களில் ஏறத்தாழ 95 சதவீதம் யுரேனியமாகவே இருக்கிறது. புளூட்டோனியம் 1 சதவீதம் போல. அவற்றைப் பிரித்து மறுபடி பயன்படுத்துவதே இந்தியக் கொள்கை. இலக்கணமும் பாருங்கள்: ‘எரிபொருள்’ வினைத்தொகை, முக்காலமும் அதற்குள் அடக்கம். இறந்த காலத்தைப் பிரித்துக் காட்டத்தான் சொல் வேண்டும். ‘ஓய்ந்த எரிபொருள்’ என் பரிந்துரை. காஸ்குக்குத் ‘தாழி’: முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஆதிச்சநல்லூர் பக்கத்தில்தானே!
(சென்னை)

———

ஐயா, ஓய்ந்திருந்தால் ஏன் ஆண்டுக்கணக்கில் உலையருகே கட்டிய குளத்து நீருக்கடியில் வைத்துச் சூடு தணிக்கிறார்கள்? உலை நின்ற பிறகும் எரிபொருளுக்குள் கதிரியக்கச் சிதைவு நடந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது. படிப்பவர் ஆபத்து முடிந்தது என்று நினைத்துவிடுவார்.

தாழியும் வேண்டாம். புறநானூற்றிலேயே அது இறந்தவரைப் புதைக்கும் ஈமத்தாழி. வேர் ‘தாழ்’ என்பார்கள். காஸ்க்கோ தரைக்கு மேல், கான்கிரீட் தளத்தில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் எஃகு உருளை. எங்கள் பாட்டி வீட்டு நெல் குதிர்தான் அந்த வடிவம்: நட்டமாக நிற்கும், மேல்வாய் வழியாகக் கொட்டுவோம். ‘உலர்குதிர்’ எனலாம்.
(பாளையங்கோட்டை)

———

குதிரா? ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற பழமொழிதான் எல்லார் வாயிலும் முதலில் வரும். ஒளித்துவைப்பதாக அர்த்தமாகிவிடும். பேழை?
(சென்னை)

———

நேரமாகிவிட்டது. ‘பயன்படுத்திய எரிபொருள்’, ‘உலர்கலன்’ என்று அனுப்பிவிட்டேன். நால்வர் சரி என்றீர்கள். இந்த எரிபொருளைச் சேமிக்கும் ‘அவே ஃப்ரம் ரியாக்டர்’ கிடங்கை ‘உலைக்கு அப்பால்’ என்று போட்டிருக்கிறேன்.
(நாகர்கோவில்)

———

அந்த ‘அப்பால்’ கூடாது. கிடங்கு வருவது அதே வளாகத்துக்குள். எங்கள் ஆட்கள் வேறு மாவட்டம் என்று எண்ணுவார்கள். ‘உலைக்கட்டடத்துக்கு வெளியே, வளாகத்துக்குள்’ என்று நீளமாகவே போடுங்கள். 2019 ஜூலையில் ராதாபுரத்தில் இந்தக் கிடங்கு பற்றிக் கருத்துக்கேட்பு அறிவித்துத் தள்ளிவைத்த நாளிலிருந்து எங்கள் தெருவில் பேசுவது ஒரே சொல்தான்: கழிவு. அதை இங்கிருந்து எடுத்துப் போகும் நாள்வரை நான் அப்படித்தான் எழுதுவேன்.
(ராதாபுரம் வட்டம்)