புதுப்பிப்பு: வளைவுக் கோட்டின் குறுக்கே வரும் துளை, காரணம் பிடிபட்டது

சாலிட்வொர்க்ஸ் என்ற கணினி வடிவமைப்பு மென்பொருளில், 2 மி.மீ. உலோகத் தகட்டில் 90 டிகிரி வளைவின் குறுக்கே செவ்வகத் துளை போட்டால், பிளாட் பேட்டர்னில் (பாகத்தை விரித்துத் தட்டையாக்கிய வடிவம்) ஓரங்கள் சாய்வாக வருகின்றன என்று முன்பு கேட்டிருந்தேன். மாடலில் மடித்த நிலையிலேயே ஒரு முகத்திலிருந்து வெட்டியதுதான் காரணம். வளைவுப் பகுதியில் அந்த வெட்டு தகட்டுக்குச் செங்குத்தாக இறங்கவில்லை. தகட்டை வெட்டும் சாதாரண லேசர் இயந்திரம் நேராகத்தான் வெட்டும், சாய்ந்த ஓரம் அதில் வராது.

இப்போது சாலிட்வொர்க்ஸில் முதலில் அன்ஃபோல்ட் (வளைவை விரிப்பது), தட்டையான நிலையில் கட், அப்புறம் ஃபோல்ட் (திரும்ப மடிப்பது). ஓரங்கள் சுத்தமாக வந்துவிட்டன, பெரிய நிம்மதி! ஆனால் கே-ஃபேக்டர் (வளைக்கும்போது நீளம் மாறாத அடுக்கு தகட்டின் தடிமனில் எங்கே இருக்கிறது என்ற விகிதம்) தவறாக இருந்தால் மடித்தபின் துளை இடம் மாறிவிடும். அதனால் ஒரு சோதனைத் துண்டை வளைத்து அளந்து, அந்த மதிப்பையே மாடலில் போட்டேன். நிஜத் தகட்டில் வளைவை ஒட்டிய ஓரங்கள் லேசாகப் புடைக்கின்றன. இந்தப் பாகத்துக்கு அது பரவாயில்லை.