பொருள்: ‘ரேஷியோ’வுக்குத் தமிழ் – விகிதமா, ஈவா, மொய்யா?

கோவையிலிருந்து, செவ்வாய் இரவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கட்டற்ற டொரண்ட் மென்பொருள் (ஒரே கோப்பைப் பலர் தங்கள் கணினிகளிலிருந்து துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ள உதவுவது) ஒன்றின் இடைமுகத்தையும், அதனுடன் வரும் புதியவர்களுக்கான கையேட்டையும் தமிழாக்கி வருகிறேன். வெள்ளி இரவுக்குள் ஒப்படைக்க வேண்டும். கையேட்டின் முதல் இயல், அழைப்பு இருந்தால் மட்டுமே சேரக்கூடிய தனிப்பட்ட பகிர்வுக் குழுமங்களைப் பற்றியது. இரண்டாம் இயல், யூஸ்நெட் என்ற பழைய மடல்வழி உரையாடல் அமைப்பின் செய்திக்குழுக்களிலிருந்து கோப்புகளை இறக்குவதைப் பற்றியது. எடுத்துக்காட்டுகள் எல்லாம் லினக்ஸ் வழங்கல்களும் உரிமம் தளர்த்திய இசைப்பதிவுகளுமே என்பதால் பதிப்புரிமைக் கவலை வேண்டாம்.

முதலில் முட்டுவது ‘ரேஷியோ’. உறுப்பினர் இதுவரை பிறருக்கு ஏற்றிய அளவை, தாம் இறக்கிய அளவால் வகுத்தால் வருவது. 5 ஜிபி இறக்கி 1.9 ஜிபி மட்டும் ஏற்றியவருக்கு 0.38. இந்தக் கணக்கைக் குறித்துவைக்கும் குழுமத்தின் வழங்கிக்கு (சர்வருக்கு) ‘டிராக்கர்’ என்று பெயர். குழுமம் வைத்திருக்கும் வரம்புக்குக் கீழே அது போனால் இறக்கும் உரிமை நின்றுவிடும் என்பதால், புதியவர் முதல் நாளே புரிந்துகொள்ள வேண்டிய சொல் இது.

அடுத்தவை ‘சீடர்’ (முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு பிறருக்குக் கொடுப்பவர்; ஆங்கிலத்தில் விதைப்பவர்), ‘லீச்சர்’ (இறக்கிக்கொண்டிருப்பவர்). ஒலிபெயர்த்துப் போட்டுப் பார்த்தேன். திரையில் ‘சீடர்கள் 12’ என்று வந்ததைப் பார்த்து என் மகள், குரு யார் என்று கேட்டாள். லீச்சரை, ஆங்கிலச் சொல்லின்படி இரத்தம் உறிஞ்சும் ‘அட்டை’ ஆக்கினால் ‘அட்டைகள் 4’ என்பதைப் படிப்பவர் கடன் அட்டையா, குடும்ப அட்டையா என்று தேடுவார். இரண்டாம் இயலின் சொற்களுக்கும் சேர்த்து வழி சொல்லுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் காலை

அன்புள்ள கோவை அம்மையாருக்கு,

சீடரை அனுப்பிவிட்டு ‘வித்திடுநர்’ என்று எழுதுங்கள். வித்து இடுதல் வள்ளுவர் விருந்தோம்பலில் ஆண்ட தொடர். விருந்தினரை உண்பித்து மிச்சத்தை உண்பவன் நிலத்துக்கு வித்தும் இட வேண்டுமோ என்று கேட்கும் குறள் இந்தக் குழுமங்களுக்காகவே எழுதப்பட்டதைப் போல இருக்கிறது. தயவுசெய்து ‘வித்திடுனர்’ என்று எழுதிவிடாதீர்கள். பெறுநர், ஓட்டுநர், இயக்குநர் என்பவற்றில் வினைப்பகுதியோடு ‘நர்’ சேர்கிறது. உறுப்பினர் என்பதில் இருப்பது ‘இனர்’. இதை இந்தக் குழுவில் நான் எத்தனையாவது முறையாக எழுதுகிறேன் என்பது எனக்கே தெரியாது.

ரேஷியோவுக்கு நம்மிடம் பழுத்த சொல் ஒன்று இருக்கிறது: மொய். எங்கள் பேராவூரணிப் பக்கத்து மொய்விருந்தைப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. யார் எவ்வளவு செய்தார், நாம் அவருக்கு எவ்வளவு திருப்பிச் செய்தோம் என்பது நோட்டில் இருக்கும். செய்யாதவர் தலை அடுத்த விருந்தில் தொங்கும். டிராக்கர் என்று நீங்கள் சொல்வது மொய் எழுதுபவரைத்தான். கோப்பை இறக்கிக்கொண்டு உடனே விலகி ஓடுபவர், பந்தியில் உண்டுவிட்டு மொய் எழுதாமல் பின்வாசல் வழியாக நழுவுபவர். மேலும், ஒரே கோப்பைச் சுற்றிக் கூடியிருக்கும் கணினிக் கூட்டத்துக்கும் மொய்த்தல் என்ற வினையே பொருந்தும். கூட்டம், வலிமை என்னும் பொருள்கள் எல்லாம் இந்த வேரில் உண்டு. மொய்ம்பு என்பதை நினைவில் கொள்க. ஒரே வேரில் இரண்டு கலைச்சொற்கள் கிடைக்கும்போது விடலாமா?

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் மாலை

வணக்கம் ஐயா.

உவமை சுவையானதுதான், ஆனால் அது உண்மையில் நிற்கவில்லை. மொய் எழுதுபவர் பணத்தைக் கையில் வாங்கி எண்ணிய பிறகே பெயரை எழுதுவார். டிராக்கரின் கண்ணில் கோப்பின் ஒரு பைட்டும் படுவதில்லை. ஒவ்வொருவரின் மென்பொருளும் குறித்த இடைவெளியில், இவ்வளவு ஏற்றினேன், இவ்வளவு இறக்கினேன், இன்னும் இவ்வளவு பாக்கி என்று தானே அறிவிக்கிறது. டிராக்கர் அதை நம்பிக் குறித்துக்கொள்கிறது. அதனால்தான் தனிப்பட்ட குழுமங்கள் தாங்கள் ஏற்கும் மென்பொருள்களின் பட்டியலை வைத்திருக்கின்றன, பொய்க் கணக்கு அனுப்பும் மென்பொருளோடு பிடிபட்டவரை விலக்குகின்றன. அதே காரணத்தால் அவர்களுடைய டொரண்ட் கோப்புகளில் ‘தனிப்பட்டது’ என்ற குறி இருக்கும். அந்தக் குறி இருந்தால், டிராக்கரைத் தவிர வேறு வழியாக மற்றக் கணினிகளைத் தேடக்கூடாது.

லீச்சர் பற்றியும் ஒரு திருத்தம். கோப்பு இன்னும் முழுமையாகக் கிடைக்காதவர் என்பதே திரையில் அந்தச் சொல்லின் பொருள். அவரும் தம்மிடம் வந்து சேர்ந்த துண்டுகளைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார். அவரை அட்டை என்றோ உறிஞ்சி என்றோ எழுதுவது நியாயமற்ற வசை. வாங்கிக்கொண்டு கொடுக்காமல் போகிறவரைத் திட்ட வேறு சொல் தேடலாம்.

வகுப்பில் தரவிறக்கம், தரவேற்றம் என்கிறோம். நீங்கள் பதிவிறக்கம், பதிவேற்றம் என்கிறீர்கள். அதையே இருபது ஆண்டுகளாக ஒன்றாக்க முடியவில்லை. மொய் என்றால் என் மாணவர்களுக்கு ஈ மொய்ப்பது மட்டும்தான் நினைவுக்கு வரும். ‘பகிர்வு விகிதம்’ என்று எழுதிவிட்டுப் போவதே நல்லது.

மதுரையிலிருந்து, புதன் இரவு

நான் கணக்கு ஆசிரியை. இலக்கணச் சண்டையில் இறங்க மாட்டேன். ஆனால் விகிதம் என்பதில் எனக்கு ஒரு தடை உண்டு. விகிதம் என்றால் பிள்ளைகள் 19:50 என்று இரண்டு எண்களை எதிர்பார்ப்பார்கள், அல்லது சதவிகிதத்தோடு குழப்பி 0.38ஐ ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று படிப்பார்கள். ஒன்றை மற்றொன்றால் வகுத்துக் கிடைக்கும் ஒற்றை எண்ணுக்கு ஐந்தாம் வகுப்பிலேயே பெயர் இருக்கிறது: ஈவு. அதே ஈவுக்குக் கொடுத்தல் என்ற பொருளும் உண்டு. ஈவுத்தொகை என்கிறோம், ஈவிரக்கம் என்கிறோம். கொடுத்ததைப் பெற்றதால் வகுத்தால் வருவது ஈவு. இதைவிடப் பொருத்தமாக யாராவது திட்டமிட்டுக்கூட ஒரு சொல்லை அமைக்க முடியாது.

புதிதாகச் சேர்ந்து, சிறிது ஏற்றி, ஒன்றும் இறக்காதவருக்குத் திரையில் முடிவிலிக் குறி தோன்றுவதையும் கையேட்டில் விளக்கிவிடலாம். அவருடைய வகுத்தி சுழி.

தஞ்சாவூரிலிருந்து, வியாழன் காலை

மதுரை அம்மையாரின் முன்மொழிவை இரவு முழுவதும் எண்ணிப் பார்த்தேன். அழகான சொல்தான், ஆனால் இடம் பொருந்தவில்லை. ஈ, தா, கொடு மூன்றும் ஒன்றல்ல என்பதைத் தொல்காப்பியர் எச்சவியலில் வரையறுத்துவிட்டார். தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் கேட்கும்போது ‘ஈ’, ஒத்தவனிடம் ‘தா’, உயர்ந்தவன் கேட்கும்போது ‘கொடு’. நீங்கள் விளக்கும் வலையமைப்பில் எல்லாக் கணினிகளும் ஒத்த நிலையில் இருப்பவை, தலைவனும் இல்லை, இரவலனும் இல்லை. ஒத்தவர்களுக்கு இடையே நிகழ்வது ஈதல் ஆகாது, தருதலே ஆகும். ஆகவே ‘தருகை’ என்றாவது எழுத வேண்டும். தரவு என்ற சொல்லும் தா என்பதன் வழியே வந்ததுதான் என்பதைச் சிந்தித்தால், இந்தத் துறை முழுவதுமே ஒத்தோர் கூற்றால் அமைந்தது என்பது விளங்கும்.

மொய்யை நான் இன்னும் கைவிடவில்லை.

டொராண்டோவிலிருந்து, வியாழன்

இரண்டு நாளாக முதல் இயலையே சுற்றுகிறோம். அம்மையார் கேட்ட இரண்டாம் இயலுக்கு எவரும் விடை சொல்லவில்லை.

தொண்ணூறுகளில் சாக்.கல்ச்சர்.தமிழ் என்ற யூஸ்நெட் குழுவில் எழுதியவன் நான். ஒரே சொல்லுக்கு இருபது மடல் என்ற பழக்கத்தை அங்கேதான் கற்றேன். 1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர் இருவர் திட்டமிட்ட அமைப்பு அது. அவர்கள் அதில் வருபவற்றைச் செய்தி என்று அழைத்ததால் நாமும் செய்திக்குழு என்று எழுதிவிட்டோம். இன்று ஒருவர் அதில் எதையாவது இறக்கும்போது அங்கே செய்தியும் இல்லை, குழுவும் இல்லை. பெரிய கோப்பைப் பல்லாயிரம் சிறு மடல்களாக நறுக்கி இட்டிருப்பார்கள். எந்தெந்த மடல்களைச் சேர்த்தால் கோப்பு வரும் என்பதை என்சட்பி என்ற சிறு கோப்பு சொல்லும். சில துண்டுகள் காணாமல் போயிருந்தால் பார்2 கோப்புகள் அவற்றை மீட்டுத் தரும்: பத்துத் துண்டு தொலைந்தால், எந்தப் பத்துத் துண்டு என்றாலும், மீட்புத் துண்டுகள் பத்து போதும். நான் அதை ‘ஈட்டுக்கோப்பு’ என்பேன், இழந்ததற்கு ஈடு.

இங்கே ஈவும் இல்லை, மொய்யும் இல்லை என்பதைக் கையேடு முதல் பத்தியிலேயே சொல்லியாக வேண்டும். வழங்கியிடமிருந்து இறக்குகிறீர்கள், அதை நடத்தும் நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்துகிறீர்கள், எவருக்கும் திருப்பி ஏற்ற வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது, இட்ட மடலை வழங்கி எத்தனை நாள் வைத்திருக்கும் என்பதுதான். பெரிய நிறுவனங்கள் 5000 நாளுக்கு மேல் என்கின்றன. அதற்கு ‘இருப்புநாள்’ என்று எழுதலாம்.

கோவையிலிருந்து, வெள்ளி இரவு

எல்லோருக்கும் நன்றி. கோப்பை அனுப்பிவிட்டேன்.

கையேட்டில் ‘ஈவு’ என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘பகிர்வு விகிதம்’ என்று பக்கத்தில் விளக்கியிருக்கிறேன். இடைமுகத்தில் ‘விகிதம்’ என்றே விட்டுவிட்டேன். மேலாய்வு செய்யும் இருவரும் அதற்குத்தான் வாக்களித்தார்கள், எனக்கும் வாதாடத் தெம்பு இல்லை. ‘ஈட்டுக்கோப்பு’, ‘இருப்புநாள்’ இரண்டையும் எவரும் மறுக்காததால் சேர்த்துக்கொண்டேன். லீச்சர் இப்போது ‘பெறுபவர்’. செய்திக்குழு, எங்கும் பரவிவிட்டதால், அப்படியே இருக்கிறது.

வித்திடுநரில்தான் சிக்கல். திரைப் பட்டியலில் அதற்குரிய நெடுவரிசையின் அகலத்துக்குள் சொல் அடங்காமல் ‘வித்திடு…’ என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. சோதித்துப் பார்த்த மாணவர் ஒருவர் அதை ஏவல் என்று நினைத்துப் பலமுறை சொடுக்கிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று பிழை அறிக்கை அனுப்பியிருக்கிறார். நெடுவரிசையை அகலமாக்கக் கேட்டிருக்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து, சனி காலை

அம்மையீர், அகலமாக்க வேண்டாம். ‘மொய்’ இரண்டே எழுத்து.